இருண்ட தேவதைக் கதை என்றால் என்ன? அதன் நாயகி ஏன் அவ்வளவு உறுதியானவள்?

தேவதைக் கதையில் வரும் காடு, சாபம், சூனியக்காரி எல்லாம் இதிலும் உண்டு. ஆனால் ஆபத்து விளையாட்டில்லை, சாவும் வரும். இது புதிதும் அல்ல. ஜெர்மனியில் நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில், ஸ்னோ ஒயிட் என்ற சிறுமியைக் கொல்லச் சொல்வது பெற்ற தாயே. 1819இல்தான் அவளைச் சிற்றன்னை ஆக்கினார்கள். வீட்டுக்குள்ளேயே ஆபத்து என்றால் காப்பாற்ற யார் வருவார்? அதனால்தான் நாயகி தானே முடிவெடுக்கிறாள்.

யாழ்ப்பாணத்தில் அம்மம்மா முனி என்ற பேயின் கதை சொன்ன இரவை நினையுங்கள். கரண்ட் இல்லை, பனங்கூடலில் காவோலை சரசரக்கிறது, தம்பிக்குத் தண்ணீர் வேண்டும். குப்பி விளக்கைக் காற்றுக்குக் கையால் மறைத்தபடி அக்கா கிணற்றடிக்குப் போகிறாள். அந்த நடைதான் இந்தக் கதைகளின் உயிர்.

உறுதியான நாயகி என்றால் பயமறியாமல் வாளெடுப்பவள் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அவள் கை நடுங்கியபடிதான் போகிறாள்.