அமெரிக்காவிலிருந்து வந்த ஐபோனில் டயலொக் சிம் ஏன் வேலை செய்யவில்லை?

கோண்டாவிலிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சித்தப்பா நியூ ஜெர்சியில் தான் பாவித்த ஐபோன் 13ஐக் கொடுத்திருக்கிறார். டயலொக் சிம்மைப் போட்டால் 'சிம் நொட் சப்போர்ட்டட்' என்று வருகிறது. டவுனில் ஒரு கடையில் "அமெரிக்கப் போனுக்கு இங்கத்தை அலைவரிசை பொருந்தாது, ஒரு சிப் வைத்துத் தரலாம்" என்றார்களாம். மொபிடெலுக்கு மாறினால் சரிவருமா, சிப் வைக்கலாமா என்பதுதான் கேள்வி. சித்தப்பா அடுத்த கிழமை திரும்பிப் போகிறார்.

மொபிடெலுக்கு மாறிப் பிரயோசனமில்லை, அதிலும் இதே செய்திதான் வரும். அலைவரிசையிலும் பிழை இல்லை. இலங்கையில் டயலொக், மொபிடெல் இரண்டும் 4ஜிக்குப் பெரிதும் பாவிப்பது 1800 மெகாஹேர்ட்ஸ், அதாவது பாண்ட் 3. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 13 எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அங்கத்தைக் கம்பனிகள் மலிவாக விற்கும் சில அன்ட்ரொயிட் போன்களில்தான் பாண்ட் 3 இல்லாமல் போகும், அவற்றை வாங்க முதல் மொடல் இலக்கத்தைப் போட்டுத் தேடிப் பாருங்கள். அலைவரிசை பொருந்தாவிட்டால் சிக்னல் குறையும் அல்லது வராது, 'சிம் நொட் சப்போர்ட்டட்' என்று போன் சொல்லாது. அப்படிச் சொன்னால் அது லொக், அதாவது போனை விற்ற கம்பனி போட்ட பூட்டு.

செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் போய்க் கீழே 'கேரியர் லொக்' என்ற வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் உலகத்தில் எந்தச் சிம்மும் போடலாம். உங்களுடையதில் 'சிம் லொக்ட்' என்றுதான் இருக்கும். தவணைக்குப் போன் விற்கிற அமெரிக்கக் கம்பனிகள் பெரும்பாலும் காசு முழுக்கக் கட்டி முடியும்வரை வேறு சிம் ஏற்காதபடி பூட்டி வைக்கின்றன, பூட்டிய கம்பனிதான் திறக்கவும் வேண்டும். இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம், போட்டுத் தப்பலாம் என்றும் நினைக்காதீர்கள், பூட்டு அதற்கும் சேர்த்துத்தான்.

அந்தச் சிப்பை மட்டும் வைக்க வேண்டாம். சிம்மோடு ஒட்டி வைக்கும் மெல்லிய தகடு அது, உங்கள் சிம்மை அந்த அமெரிக்கக் கம்பனியின் சிம் மாதிரிப் போனுக்குக் காட்டி ஏமாற்றுகிறது, பூட்டு அப்படியே இருக்கும். மச்சான் அனுப்பிய போனில் நானும் ஒருமுறை வைத்தேன். ஒரு இரவு ஐஓஎஸ் அப்டேட் ஆனது, விடியப் பார்த்தால் நெட்வேர்க் இல்லை, அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நின்ற நேரம் ஒரு கோல் எடுக்க முடியாமல் பட்ட பாடு இன்றும் மனதில் நிற்கிறது. கடைக்காரரிடம் போனால் இன்னொரு சிப்புக்குக் காசு கேட்டார்.

சித்தப்பா போக முதல் அவரோடு இருந்து மூன்று விடயம் கேளுங்கள்: எந்தக் கம்பனியில் எடுத்தது, தவணை முடிந்ததா, அந்தக் கணக்கு யாருடைய பெயரில். *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐயை, அதாவது போனின் அடையாள இலக்கத்தை, படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். போனை அவர் திரும்பக் கொண்டுபோகத் தேவையில்லை, கணக்குக்காரர் இணையத்திலோ தொலைபேசியிலோ கேட்டாலே கம்பனி தன் பக்கத்திலிருந்து திறந்துவிடும். தவணை பாக்கி இருந்தால் திறக்கமாட்டார்கள், அதை அவர்தான் கட்ட வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள், அவருக்கே இந்தப் பூட்டைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் போன் கொண்டுவந்தால் இந்தத் தலையிடி குறைவு. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதலும் பிரித்தானியாவில் 2021 டிசம்பர் முதலும் பூட்டிய போன் விற்க அனுமதியில்லை. அமெரிக்க ஐபோன் 14க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் சிம் போடும் தட்டே கிடையாது, இசிம்தான் எடுக்க வேண்டும். டயலொக்கிலும் மொபிடெலிலும் அது இருக்கிறது.

திறந்தாச்சு என்று கம்பனி அறிவித்ததும் போனை வைஃபையில் இணைத்து, டயலொக் சிம்மைப் போட்டு, ஒருமுறை நிறுத்தி ஓன் பண்ணுங்கள். அப்போதும் பழைய செய்தி வந்தால் படங்களையும் நம்பர்களையும் பக்அப் எடுத்துவிட்டு முழுக்க அழித்துத் திரும்ப அமைக்க வேண்டிவரும். அந்த நேரம் சித்தப்பாவின் அப்பிள் ஐடி போனில் இருந்தால் அவருடைய பாஸ்வேர்ட் கேட்டு நின்றுவிடும், ஆகவே அவர் விமானம் ஏற முதலே அதைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.