பொதுப் பணத்துக்கு யார் காவல்?

கேள்வி: ஒரு நாட்டில் நடந்த குற்றத்தை விசாரிக்க லக்சம்பர்கிலிருந்து ஒருவர் வர வேண்டுமா? ஐரோப்பிய ஒன்றியம் அமைத்துள்ள பொது வழக்குத்தொடுநர் அலுவலகம், உறுப்பு நாடுகளின் இறையாண்மையைப் பறிப்பதாகாதா?

பதில்: லக்சம்பர்கிலிருந்து யாரும் வருவதில்லை. அங்கே இருப்பது தலைமையகம் மட்டுமே. ஒவ்வொரு நாட்டிலும் விசாரணையை நடத்துபவர்கள் அந்தந்த நாட்டு வழக்குத்தொடுநர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதும் அந்த நாட்டு நீதிமன்றமே. காவல்துறை விசாரித்து முடித்த வழக்கை நீதிமன்றத்தில் வாதாடும் நம் ஊர் அரசு வழக்கறிஞரைப் போன்றவர்கள் அல்லர் இவர்கள், விசாரணையையே வழிநடத்துபவர்கள். கொலையும் கொள்ளையும் இவர்கள் வரம்பில் இல்லை. ஒன்றியத்தின் நிதியைச் சுரண்டும் மானிய மோசடி, அதையொட்டிய லஞ்சம், எல்லை தாண்டி நடக்கும் 1 கோடி யூரோவுக்குக் குறையாத மதிப்புக் கூட்டு வரி மோசடி போன்றவையே இவர்கள் கையாளும் குற்றங்கள். அந்தப் பணம் எல்லா நாட்டு மக்களும் சேர்ந்து போட்டது. அதைத் திருடியவனை விசாரிப்பது ஒரு நாட்டின் சொந்த விவகாரம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இறையாண்மை பறிபோகிறது என்ற அச்சம் புதிதல்ல. 2013-இல் முன்மொழிவு வந்தபோதே 11 நாடுகளின் நாடாளுமன்ற அவைகள் ஆட்சேபம் தெரிவித்தன. 2017-இல் விருப்பப்பட்ட நாடுகள் மட்டும் சேர்ந்து சட்டம் இயற்றின. 2021 ஜூன் 1 அன்று அலுவலகம் பணியைத் தொடங்கியது. 2024-இல் போலந்தும் ஸ்வீடனும் இணைந்த பின் 24 நாடுகள் இதில் உள்ளன.

ஆட்சேபங்களுக்கு இடம் கொடுத்து எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில், பறிக்கப்பட்டதைவிட விட்டுவைக்கப்பட்டதே அதிகம் என்பதுதான் என் கவலை. ஒரு வழக்கு ஐரோப்பிய அலுவலகத்துக்கு உரியதா, உள்நாட்டு அமைப்புக்கு உரியதா என்ற தகராறு எழுந்தால், அதைத் தீர்க்கும் அதிகாரம் உள்நாட்டு அதிகாரியிடமே இருக்கிறது. 2022-இல் மாட்ரிட் வட்டார அரசு முகக்கவசம் வாங்கியது தொடர்பான வழக்கில், ஸ்பெயினின் ஊழல் தடுப்பு வழக்குத்தொடுநர்களுக்கும் ஐரோப்பிய அலுவலகத்துக்கும் இப்படியொரு தகராறு வந்தது. தீர்ப்பு சொன்னவர் ஸ்பெயினின் தலைமை வழக்குத்தொடுநர், அதாவது தகராறில் ஒரு தரப்பின் மேலதிகாரி. ஐரோப்பிய அலுவலகம் வெளிப்படையாகவே ஆட்சேபித்தது. அதில் முழு நியாயம் இருந்தது.

கிரேக்கத்தில் நிலைமை இன்னும் வேதனையானது. 2023 பிப்ரவரியில் டெம்பி அருகே இரண்டு ரயில்கள் மோதி 57 பேர் இறந்தனர். ஒன்றியத்தின் நிதியுதவியுடன் அமைந்திருக்க வேண்டிய ரயில் சமிக்ஞை அமைப்பின் ஒப்பந்தம் பல ஆண்டுகளாக முடியாமல் கிடந்தது. அந்த ஒப்பந்தத்தை விசாரித்த ஐரோப்பிய அலுவலகம் அதிகாரிகள் மீது குற்றம் சாட்ட முடிந்தது. அமைச்சர்கள் என்று வந்ததும் நிற்க வேண்டியதாயிற்று. கிரேக்க அரசமைப்பின் 86-ஆவது பிரிவின்படி அமைச்சர்கள் மீது நடவடிக்கை எடுக்க நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. அங்கே பெரும்பான்மை ஆளுங்கட்சியிடம் இருக்கிறது.

இறையாண்மையின் பெயரால் இங்கே காக்கப்படுவது மக்கள் அல்லர், பதவியில் இருந்தவர்கள். வழக்கு யாருக்கு உரியது என்ற தகராறுகளை உள்நாட்டு அதிகாரியிடமிருந்து எடுத்து ஐரோப்பிய நீதிமன்றத்திடம் ஒப்படைக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அமைச்சர்களுக்கான விலக்கையோ, கிரேக்க நாடாளுமன்றம்தான் தன் கையால் நீக்க வேண்டும்.