கணினிக் கேள்வி பதில்: தோட்டப்புறத்துக்கு ஏற்ற செயலிக் கருவி எது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வலைத்தளமும் கைப்பேசிச் செயலியும் உருவாக்கும் கருவிகளை ஒப்பிட்டுச் சொல்லும்படி கேட்கின்றன. அவற்றுள் நான்கு கடிதங்களுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: ஐயா, நான் செம்பனை அறுவடைக் குத்தகையாளர் ஒருவரிடம் கிராணியாக (கணக்கெழுத்தராக) இருக்கிறேன். வெட்டி அடுக்கிய குலைகளை மண்டோர்கள் (மேற்பார்வையாளர்கள்) மேடை மேடையாக எண்ணித் தாளில் குறித்து வருகிறார்கள். மாலையில் நான் அதைக் கணினியில் ஏற்றுகிறேன். மழையில் நனைந்த தாளால் சம்பள நாளில் சண்டை வருகிறது. கைப்பேசியில் பதிந்ததை அலுவலகக் கணினியில் பார்க்கும்படி ஒரு செயலி வேண்டும். தோட்டத்தின் உள்பக்கத்தில் இணைய இணைப்பு கிடையாது. என் அக்காள் மகன் செய்து தருவதாகச் சொல்லி, ஃபிளட்டரா, ரியாக்ட் நேட்டிவா என்று கேட்கிறான். எதைச் சொல்லட்டும்?
— ஒரு கிராணி

பதில்: இரண்டும் நல்ல கருவிகளே. ரியாக்ட் நேட்டிவை ஃபேஸ்புக் நிறுவனம் 2015இல் வெளியிட்டது. அதில் ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டும்; திரையில் தோன்றும் பொத்தானும் கட்டமும் அந்தந்தக் கைப்பேசியின் சொந்த உறுப்புகளாகவே அமையும். கூகளின் ஃபிளட்டர், 2018 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பாக வந்தது. அதற்கு டார்ட் என்னும் மொழி தெரிய வேண்டும். கைப்பேசியின் உறுப்புகளை நம்பியிராமல் திரை முழுவதையும் தானே வரைந்துகொள்வதால், மலிவான ஆண்ட்ராய்டிலும் புதிய ஐபோனிலும் ஏறத்தாழ ஒரே தோற்றம் கிடைக்கும். இவற்றில் எது வேகமானது என்று நிரலர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். அந்த வாதம் உங்கள் குலைக் கணக்குக்குத் தேவையற்றது. தொழிலாளியின் எண்ணைத் தேர்ந்து, எண்ணிக்கையைத் தட்டி, ஒரு படம் எடுத்துச் சேமிக்கும் வேலைக்கு எந்தக் கருவியும் திணறப் போவதில்லை.

உங்கள் வேலையின் சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. இணைப்பில்லாத இடத்தில் பதிந்தவை யாவும், இணைப்பு வந்தபின் ஒன்றும் குறையாமல், ஒன்றும் இரட்டிக்காமல் அலுவலகம் சேர வேண்டும். மண்டோர் ஒரு மேடையில் 62 குலை என்று பதிகிறார் என்று வையுங்கள். லோரிச் சாலைக்கு அவர் வந்ததும் இணைப்பு கிடைத்து, செயலி அந்தப் பதிவை அனுப்பிவிடுகிறது. அலுவலக வழங்கியும் (சர்வர்) அதைப் பெற்றுக்கொள்கிறது. ஆனால் ‘வந்து சேர்ந்தது’ என்னும் மறுமொழி கைப்பேசிக்குத் திரும்புவதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. மறுமொழி வராததால் செயலி அதையே மீண்டும் அனுப்பும். கணக்கில் 124 குலை நிற்கும். இதைத் தடுக்க, ஒவ்வொரு பதிவுக்கும் எங்கும் இரட்டிக்காத அடையாள எண் ஒன்றைக் கைப்பேசியே உருவாக்கித் தர வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் வழங்கி அதைப் புதிதாகச் சேர்க்காமல், ‘முன்பே வந்துவிட்டது’ என்று மட்டும் விடை சொல்ல வேண்டும். திருத்தம் செய்யும்போதும் பழைய பதிவை அழிக்காமல், யார், எப்போது, எதை மாற்றினார் என்ற விவரத்தோடு புதிய பதிவாகச் சேர்ப்பது நல்லது. செக்ரோலில் (வேலை, சம்பளப் பதிவேட்டில்) வந்த தொகையைத் தொழிலாளி மறுக்கும் நாளில் உங்களுக்குக் கைகொடுப்பது அந்த விவரம்தான். இதை எழுதத் தெரிந்த பையன் எந்தக் கருவியை எடுத்தாலும் தேறிவிடுவான். தெரியாவிட்டால் எந்தக் கருவியும் உதவாது.

என் பரிந்துரை, முதலில் ஒரு வலைச்செயலியாகத் தொடங்குங்கள் என்பதே. பி.டபிள்யூ.ஏ. என்று நிரலர்கள் சொல்லும் இது உலாவியில் திறக்கும் தளம்தான். ஆயினும் முகப்புத் திரையில் சின்னமாக வைத்துக்கொள்ளலாம், முதல் முறை திறந்தபின் இணைப்பில்லாமலும் திறக்கும், பதிவுகளைக் கைப்பேசிக்குள்ளேயே சேமித்து வைக்கும். அலுவலகக் கணினிக்கும் அதே நிரல் போதும். செயலிக் கடை எதுவும் குறுக்கே வராது. பராமரிப்பையும் நினைத்துப் பாருங்கள்: உங்கள் அக்காள் மகன் வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால், கூகள் பிளே ஆண்டுதோறும் கேட்கும் புதிய ஆண்ட்ராய்ட் நிலைக்கு ஏற்பச் செயலியை மாற்றிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? வலைச்செயலிக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

இதற்குக் குறைகளும் உண்டு. ஐபோனில் சஃபாரி வழியாகத் திறந்து, முகப்புத் திரையில் சேர்க்காமல் விட்டால், சஃபாரியைப் பயன்படுத்தும் ஏழு நாள்களுக்குள் அந்தத் தளத்தை ஒருமுறையாவது தொடாதபோது, அது சேமித்து வைத்ததைச் சஃபாரி அழித்துவிடும். அனுப்பாத பதிவுகள் அதில் இருந்தால் அவையும் போய்விடும். திரை மூடியிருக்கும்போதே பின்னணியில் பதிவுகளை அனுப்பும் வசதி ஆண்ட்ராய்ட் குரோமில் உண்டு, சஃபாரியில் இல்லை. புளூடூத் எடைக்கருவியோடு உலாவியிலிருந்து பேசும் வசதியும் அப்படியே. உங்கள் மண்டோர்கள் அனைவரும் ஆண்ட்ராய்ட் வைத்திருந்தால் இவை பெரிய தடை ஆகமாட்டா. ஐபோன்காரரும் எடைக்கருவியும் சேர்ந்து வந்துவிட்டால் தனிச் செயலிக்குப் போகத்தான் வேண்டும். அப்போதும் ‘கெபாசிட்டர்’ என்னும் கருவியால் இதே வலைச்செயலியைப் பொதிந்து செயலியாக்கலாம். அதுவும் போதாவிட்டால், பையனுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்திருந்தால் ரியாக்ட் நேட்டிவ், எதையும் புதிதாகவே கற்கப் போகிறான் என்றால் ஃபிளட்டர் என்று முடிவு செய்யலாம்.

தரவைச் சேமிக்க ஃபயர்பேஸ், சூபாபேஸ் என்னும் இணையச் சேவைகள் இரண்டையும் சொல்வார்கள். ஃபயர்பேஸின் தரவுத்தளத்தில் இணைப்பில்லாதபோது பதிவுகளைக் காத்து வைக்கும் வேலை உள்ளமைந்தே வருவதால் தொடக்கம் எளிது. ஆனால் மாத முடிவில் ஆள்வாரியாக, மேடைவாரியாகக் கூட்டிக் கழிக்க வேண்டிய சம்பளக் கணக்குக்கு, போஸ்ட்கிரெஸ் என்னும் அட்டவணைவகைத் தரவுத்தளத்தை அடித்தளமாகக் கொண்ட சூபாபேஸே பொருத்தம். பிடிக்காவிட்டால் தரவை எடுத்துக்கொண்டு வேறு வழங்கிக்கு மாறிக்கொள்ளவும் முடியும். தொழிலாளர்களின் கடப்பிதழ் எண்களை மண்டோர்களின் கைப்பேசியில் வைக்காதீர்கள். வெறும் ஆள் எண் போதும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நடப்பில் இருக்கிறது என்பதைக் குத்தகையாளருக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: என் மடிக்கணினி விண்டோஸ், நினைவகம் 8 ஜிபி. ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவைத் திறந்தாலே உறைந்துவிடுகிறது. மேக் வாங்க வசதியில்லை. ஐபோனுக்கும் செயலி செய்ய வழி உண்டா? என்னிடமுள்ள பாடக்குறிப்பு ஸாமரின் என்னும் செயலிக் கருவியைப் பற்றியது, அதைப் படிக்கலாமா?
— போலிடெக்னிக் மாணவர்

பதில்: ஸாமரினை விட்டுவிடுங்கள், மைக்ரோசாஃப்ட் 2024 மே 1ஆம் நாளோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. உங்கள் கணினியை உறைய வைப்பதில் பெரும்பங்கு, திரையில் பொய்க் கைப்பேசி ஒன்றை ஓட்டிக் காட்டும் எமுலேட்டருடையது. அதை மூடிவிட்டு, உங்கள் சொந்த ஆண்ட்ராய்ட் கைப்பேசியைக் கம்பியால் இணைத்து அதிலேயே சோதியுங்கள். நிரலை விஎஸ் கோடில் எழுதுங்கள். அது கணினிக்கு அதிகச் சுமை தராது.

ஐபோன் செயலியைக் கட்டி முடிக்கத் தேவைப்படும் எக்ஸ்கோட், மேக் கணினியில் மட்டுமே ஓடும். ஆனால் ரியாக்ட் நேட்டிவோடு எக்ஸ்போ என்னும் துணைக்கருவியைப் பயன்படுத்தினால், அதன் மேகச் சேவை தன் மேக் கணினிகளில் செயலியைக் கட்டிக் கொடுக்கும். ஃபிளட்டருக்கும் இத்தகைய சேவைகள் உண்டு. செலவைப் பொறுத்தவரை, ஆப்பிள் ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கேட்கிறது. கூகள் ஒரே ஒருமுறை 25 டாலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்காக இருந்தால், பொதுமக்களுக்கு வெளியிடும் முன், 12 பேர் தொடர்ந்து 14 நாள் உங்கள் செயலியைச் சோதிக்கும் பட்டியலில் இருக்க வேண்டும் என்று கூகள் விதித்திருக்கிறது. இறுதித் திட்டத்தைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் இதைக் கண்டுபிடிப்பவர்கள் பலர்; நீங்கள் இப்போதே நண்பர்களைத் திரட்டி வையுங்கள்.

கேள்வி: மாணவர்களுக்காகச் சொல் விளையாட்டு ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் செய்கிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு மூன்று கட்டம் வர வேண்டிய இடத்தில் ஐந்து கட்டம் வருகிறது. கருவியை மாற்றினால் சரியாகுமா?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: ஒரே ஒரு கருவி மட்டும் உங்கள் எதிர்பார்ப்புப்படி நடக்கும். யூனிகோடில் ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பதிவாகிறது. ஜாவாஸ்கிரிப்டும் டார்ட்டும் ஆண்ட்ராய்டுக்கான கோட்லின் மொழியும் நீளம் கேட்டால் 5 என்கின்றன. ஆப்பிளின் சுவிஃப்ட் மொழி மட்டும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை ஓர் அலகாகக் கொள்வதால், 3 என்கிறது. அதற்காக ஐபோனுக்கு மட்டும் விளையாட்டு செய்ய வேண்டியதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டல் செக்மென்டர்’ என்னும் உறுப்பு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். 2024 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் அது இருக்கிறது. ஃபிளட்டரில் ‘கேரக்டர்ஸ்’ என்னும் தொகுப்பு அதே வேலையைச் செய்யும். எனினும் ‘க்ஷ’வையும் ‘ஸ்ரீ’யையும் இவை இரண்டிரண்டாகவே பிரிக்கும், அவ்விரண்டையும் நீங்களே தனியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மாணவர் தட்டிய விடையைச் சரிபார்க்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. ‘கொ’ என்பதில் ககரத்தை அடுத்து வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறியாகவும் பதியலாம். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் ‘நார்மலைஸ்’ கட்டளையைக் கொடுத்தால் இது தீரும். ஆனால் ‘ஔவையார்’ என்பதற்கு ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதும் பிள்ளைக்கு அந்தக் கட்டளை உதவாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து. அதை ஏற்பதா, தவறென்று காட்டுவதா என்பது உங்கள் கையில். நானாக இருந்தால் தவறென்று காட்டி, விசைப்பலகையில் ஔகாரம் இருக்கும் இடத்தையும் காட்டுவேன்.

ஃபிளட்டருக்கு மாறி அதை வலைத்தளமாக வெளியிடுவீர்களானால், தமிழ் எழுத்துரு ஒன்றைச் செயலிக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் தனக்கு இல்லாத எழுத்துருவை அது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளப் பார்க்கும். இணைப்பில்லாத வகுப்பறையில் எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்களே தெரியும்.

கேள்வி: எங்கள் கோயில் திருவிழாவுக்குச் செயலி செய்து தர ஒருவர் 8,000 ரிங்கிட் கேட்கிறார். நியாயமான விலையா?
— ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர்

பதில்: நிகழ்ச்சி நிரல், உபயக்காரர் பட்டியல், நன்கொடைக்கான கியூஆர் குறியீடு ஆகிய மூன்றும்தான் தேவை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் இவற்றுக்காகப் பக்தர்கள் செயலியை இறக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். வலைத்தளம் அமைக்கும் கருவியான வேர்ட்பிரஸில் ஒரு சிறு தளம் போதும், அதன் இணைப்பை வாட்சாப்பில் அனுப்பிவிடலாம். ஆகவே விலை நியாயமா என்ற கேள்விக்கே இடமில்லை. யாரிடம் தளத்தைச் செய்யக் கொடுத்தாலும், அதன் இணைய முகவரியைச் (டொமைன்) செய்பவர் பெயரில் பதியவிடாமல் ஆலயத்தின் பெயரிலேயே பதிந்து, கடவுச்சொல்லைச் செயலாளரும் பொருளாளரும் வைத்துக்கொள்ளுங்கள்.