11 வயதுப் பிள்ளைக்கு தினமும் நீந்துவது மட்டும் போதுமா, தரைப் பயிற்சியும் வேண்டுமா?

நீந்துவது மட்டும் போதாது. நீச்சல் மூச்சுத் திறனையும் தாக்குப்பிடிக்கும் சக்தியையும் அருமையாக வளர்க்கும். ஆனால் உடம்பின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால், தாவும் விசைக்கும் சமநிலைக்கும் எலும்பின் உறுதிக்கும் அங்கே வேலை குறைவு. டைவ் அடிப்பதும், டர்னில் சுவரை உதைத்துக் கிளம்புவதும் அந்தத் தாவும் விசையை நம்பித்தான்.

வாரம் 2 அல்லது 3 நாள், குளத்தில் இறங்குமுன் 20 நிமிடம் ஒதுக்குங்கள். ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது) 10, நின்ற இடத்திலிருந்து முன்னால் தாவல் 5, பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது) 20 விநாடி. இப்படி 2 சுற்று. கூடவே, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து உடற்பயிற்சி ரப்பர் பேண்டை வெளிப்பக்கம் இழுப்பது 12 முறை. இதை விடவே கூடாது. நீச்சலில் கை ஓயாமல் உள்நோக்கியே இழுக்கிறது; எதிர்ப்பக்கத் தசை பின்தங்கினால் தோள்வலியில் கொண்டுபோய் விடும். பருவமடையும் முன் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால்தான், தசை பருத்து அல்ல. எனவே பளுவை ஏற்றுவதைவிட அசைவைத் திருத்துவது முக்கியம்.

தண்ணீரில் 25 மீட்டருக்கு எத்தனை ஸ்ட்ரோக் (கைவீச்சு) என்று எண்ணுங்கள். முதல் லேப்பில் 20, ஆறாவதில் 24 என்றால் பிள்ளை களைத்துவிட்டது. அப்போது கையைக் கவனித்துப் பாருங்கள்: முழங்கை தொய்ந்திருக்கும், உள்ளங்கை தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் கீழே அழுத்தும். அதற்குமேல் போடும் ஒவ்வொரு லேப்பும் அந்தத் தப்பையே உடம்பில் பதிக்கிறது. தூரக் கணக்குக்காக அதைத் தொடரச் சொல்வது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது.

வேகத்துக்கு 15 மீட்டர் முழு வேகத்தில், 6 முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது 1 நிமிட ஓய்வு. ஓய்வை 15 விநாடியாகச் சுருக்கினால் அது வேகப் பயிற்சியாக இருக்காது, தாக்குப்பிடிக்கும் பயிற்சியாக மாறிவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு 12, ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டி உயரம் மளமளவென்று ஏறும். கை கால் நீண்டதும் பழைய டைமிங் குழம்பி, நேரம் சில மாதம் தேங்கலாம். பயந்துபோய் லேப்பைக் கூட்டாதீர்கள். பேடிலை (கையில் மாட்டும் பிளாஸ்டிக் தட்டை) ஒதுக்கிவைத்து, ஸ்ட்ரோக் டிரில்லுக்கு (கைவீச்சைத் திருத்தும் பயிற்சிக்கு) நேரம் கொடுங்கள்.

8 வாரத்துக்கு ஒருமுறை தாவும் தூரம், 25 மீட்டர் நேரம், ஸ்ட்ரோக் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்தே குறியுங்கள். ஸ்ட்ரோக் கூடாமல் நேரம் குறைந்திருந்தால் பயிற்சி வேலை செய்கிறது.