கடைசி கமாவை வெட்டும் வேலை உங்களுக்கு எதற்கு?

கேள்வி: பைத்தானில் ஊர்ப் பெயர்களை லூப்பில் எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் கமா ஒட்டி, முடிவில் மிஞ்சுகிற கமாவை வெட்டுகிறேன். சரியாகவே ஓடுகிறது. ஆனால் ரிவ்யூவில் "படிக்கவே முடியவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு எப்படி எழுதுவது?

அவர்கள் சொன்னது நியாயம்தான். நாளைக்கு யாராவது கமாவுக்குப் பின்னால் ஓர் இடைவெளியும் வேண்டும் என்று மாற்றினால், ஓர் எழுத்தை மட்டும் வெட்டுகிற உங்கள் வரி இடைவெளியை வெட்டிவிட்டு கமாவை அப்படியே விட்டுவிடும். லிஸ்ட் காலியாக வந்தால் பைத்தான் பேசாமல் இருந்துவிடும், இதையே ஜாவாவில் எழுதியிருந்தால் எரர் அடித்து நின்றுவிடும்.

லிஸ்ட்டைக் கடைசி நிமிடம் வரை லிஸ்ட்டாகவே வைத்திருங்கள், வெளியே அனுப்பும் இடத்தில் மட்டும் ஜாயின் (join, பெயர்களுக்கு நடுவில் மட்டும் கமா வைத்து ஒரே ஸ்ட்ரிங்காக்குவது) போடுங்கள். பைத்தானில் பிரிப்பான் (இங்கே கமா) முன்னால் வரும், அதன் மேல்தான் ஜாயினைக் கூப்பிட்டு லிஸ்ட்டை உள்ளே கொடுக்க வேண்டும். பார்க்கத் தலைகீழாகத் தெரியும், பழகிவிடும். உள்ளே எண் இருந்தால் டைப் எரர் வரும், அதனால் முதலில் எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காக்கிக் கொள்ளுங்கள். ஜாவாவில் 2014-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்தே இது உண்டு, பிஎச்பியில் இதன் பெயர் இம்ப்ளோடு (implode). ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் கொஞ்சம் கவனம்: உள்ளே null (மதிப்பே இல்லை என்ற குறி) இருந்தால் எரர் எதுவும் வராது, அந்த இடம் காலியாகப் போய்விடும்.

அப்புறம், கோடுக்குள்ளேயே நீங்கள் எழுதி வைக்கிற நீண்ட லிஸ்ட். வரிக்கு ஒரு பெயர், கடைசிப் பெயருக்குப் பின்னாலும் கமா. நிறைய பேருக்கு இது அசிங்கமாகப் படும், ஆனால் புதிய ஊர் ஒன்றைச் சேர்க்கும்போது கிட் டிஃப்பில் (கோடில் எந்த வரிகள் மாறின என்று காட்டும் இடம்) அந்த ஒரு வரி மட்டும்தான் மாறியதாகக் காட்டும் (கோ மொழியில் மூடும் அடைப்பு தனி வரியில் இருந்தால் இந்தக் கமா கட்டாயமே). இதைவிடப் பெரிய காரணம் பைத்தானின் பழைய குணம் ஒன்று: இரண்டு ஸ்ட்ரிங்குகள் அடுத்தடுத்து நின்று நடுவில் கமா விட்டுப்போனால் எரர் கொடுக்காது, ஒட்டிவிடும். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் கமா இல்லையென்றால் "சேலம்நாமக்கல்" என்று ஒரே ஊர் கிடைக்கும், லிஸ்ட்டில் ஓர் எண்ணிக்கை குறையும், ஏன் என்று தேடி மண்டை காயும். கடைசி வரியிலும் எப்போதும் கமா இருந்தால் இந்த விபத்து பெருமளவு குறையும். ஆனால் ஜேசானில் (JSON, தரவு அனுப்பும் வடிவம்) அப்படி விட்டால் ஏற்காது, அங்கே கடைசிக் கமா தப்பு.

மேற்கோள் குறிகளே கண்ணை உறுத்துகிறது என்றால் மூன்று மேற்கோளுக்குள் பெயர்களை எழுதி, இடைவெளி வரும் இடமெல்லாம் ஸ்ப்ளிட் (பிரிப்பது) செய்யலாம், படிக்க நன்றாகவே இருக்கும். மேற்கு மாம்பலம் வந்தால் மட்டும் அது இரண்டு ஊராகிவிடும். வரிவரியாகப் பிரித்தால் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு இடங்களில் ஜாயினும் வேண்டாம். சிஎஸ்வி (கமாவால் பிரித்த அட்டவணை) ஃபைலுக்கு அதற்கான மாட்யூலையே பயன்படுத்துங்கள், முகவரிக்குள் கமா இருந்தால் அதை மேற்கோளுக்குள் வைக்க அதற்குத் தெரியும். எஸ்கியூஎல்லில் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) IN என்பதற்குப் பின் அடைப்புக்குள் வரும் பட்டியலுக்கு மதிப்புகளை ஒட்டவே ஒட்டாதீர்கள், யாராவது உள்ளே விஷமத்தை நுழைத்துவிடுவார்கள். மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளை மட்டும் தேவையான எண்ணிக்கையில் ஒட்டி, மதிப்புகளைத் தனியாக அனுப்புங்கள். லிஸ்ட் காலியா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரஸிலும் காலி அடைப்பு சிண்டாக்ஸ் எரர்.