டைம்அவுட் வைத்தால் இரட்டை ஆர்டர் நிற்குமா?

கேள்வி: பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறோம். சொந்த வெப்சைட் இருக்கிறது. போனில் வரும் ஆர்டரையும் கரையில் நின்றபடி நாங்களே அதில் போடுவோம். சிக்னல் விட்டு விட்டு வருவதால் பட்டனை அழுத்தியதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மறுபடி அழுத்தினால் ஒரே ஆர்டர் இரண்டாக விழுகிறது. வாடிக்கையாளர் சிலருக்குப் பணமும் இரண்டு முறை போயிருக்கிறது. ‘5 நொடியில் கேன்சல் ஆகிற மாதிரி டைம்அவுட் வைத்தால் சரியாகிவிடும்’ என்கிறார் சைட் செய்து கொடுத்த தம்பி. வைக்கலாமா?

பதில்: அதை மட்டும் செய்தால் இரட்டை ஆர்டர் இன்னும் கூடும். டைம்அவுட் ஆனால் உங்கள் போன் காத்திருப்பதைத்தான் நிறுத்துகிறது. கோரிக்கை சர்வருக்கு, அதாவது சைட் இயங்கும் கணினிக்கு, போய்ச் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் வேலையை முடித்துவிடும். ஐஸ் கம்பெனிக்குப் போன் போட்டு 10 பார் சொல்கிறீர்கள், பதில் வருமுன் லைன் அறுந்துபோகிறது. திரும்பக் கூப்பிட்டுச் சொன்னால் 20 பார் வந்து இறங்கும், இல்லையா?

நேர வரம்பு வேண்டியதுதான். சைட் கோரிக்கை அனுப்பப் பயன்படுத்தும் பிரவுசரின் ஃபெட்ச் கட்டளைக்கு இயல்பாக அப்படி எதுவும் கிடையாது, அதே வேலைக்கான ஆக்சியோஸ் என்ற நிரலிலும் நாமாக வைத்தால்தான் உண்டு. வட்டம் ஓயாமல் சுற்றுவது அதனால்தான். 30 நொடி வைக்கச் சொல்லுங்கள். நேரம் முடிந்ததும் ‘ஆர்டர் தோல்வி’ என்று மட்டும் காட்டக் கூடாது. அது பொய்யாக இருக்கலாம். ‘ஆர்டர் பதிவானதா என்று பார்க்கிறோம்’ என்று காட்டிவிட்டு, சைட்டே சர்வரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும்.

உண்மையான மருந்து வேறு. ஆர்டர் பக்கம் திறக்கும்போதே அந்த ஆர்டருக்கு ஒரு தனி எண் உருவாக வேண்டும். எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் போக வேண்டும். ஏற்கெனவே வந்த எண் என்றால் சர்வர் புது ஆர்டர் போடாமல் பழைய பதிலையே திருப்பித் தரும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது எண் உருவாக்கி வைப்பவர்கள் உண்டு. அதில் ஒரு பயனும் இல்லை.

ஒரு விதிவிலக்கு. வெறுமனே பார்க்கிற கோரிக்கைகளைத் தாராளமாகக் கேன்சல் செய்யலாம், திரும்பவும் அனுப்பலாம். தேடுபெட்டியில் ஒருவர் ‘நெ’ என்று தொடங்கி ‘நெத்திலி’ என்று முடிப்பதற்குள் நாலைந்து கோரிக்கை போய்விடும். பழையதைக் கேன்சல் செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ‘நெ’வுக்கான பதில் தாமதமாக வந்து நெத்திலிப் பட்டியலை மறைத்துவிடும். விலைப் பட்டியல், சரக்கு இருப்பு எல்லாம் இந்த வகைதான். ஆனால் லிங்க்கைத் திறந்தாலே ஆர்டர் பதிவாகிற மாதிரி செய்த சைட்டுகளும் இருக்கின்றன. அங்கே இது பொருந்தாது, முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

இனி உங்களிடம் ‘சர்வர் சின்னது, பெரிய பேக்கேஜ் வாங்குங்கள்’ என்று ஆள் வருவார்கள். வாங்காதீர்கள். கரையில் சிக்னல் அறுவதற்கும் சர்வர் அளவுக்கும் சம்பந்தமில்லை. இவர்களில் பலர் டொமைனையும் (சைட்டின் முகவரிப் பெயர்) தங்கள் பெயரிலேயே பதிந்துகொள்கிறார்கள், அப்புறம் விலக நினைத்தாலும் விடமாட்டார்கள். உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

பணம் பற்றி: யுபிஐயில் கடைக்குக் கட்டிய பணம் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் போனால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் புகார் கொடுக்காமலே. ரிசர்வ் வங்கி 2019-லேயே சொன்ன விதி இது. இன்னும் ‘பெண்டிங், காத்திருங்கள்’ என்றே மக்களை அலையவிடுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. ஆனால் இரண்டு பணமும் உங்களுக்கே வந்திருந்தால் வங்கியைச் சொல்லிப் பயனில்லை, ஒன்றை நீங்கள்தான் திருப்ப வேண்டும்.

தம்பி வேலையை முடித்ததும் நீங்களே சோதியுங்கள். ‘பொருள் வந்ததும் பணம்’ என்ற முறையில் ஆர்டர் அழுத்தி, உடனே போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஒரு நிமிடம் கழித்து எடுத்துவிட்டு, அதே பக்கத்தில் திரும்ப அழுத்துங்கள். ஒருமுறை போதாது, சில முறை செய்யுங்கள். ஆர்டர் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிதான் இருக்க வேண்டும். எங்காவது இரண்டு இருந்தால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.