எந்த மெஷினுக்கு எந்த ஓஎஸ்? சில கேள்விகள்

கேள்வி: எங்கள் சர்வரில் இன்னும் சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) ஓடுகிறது. நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

பதில்: 2024 ஜூன் 30-ஓடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அதனால்தான். வெளியிலிருந்து இணையம் வழியாக எட்டக்கூடிய சர்வர் என்றால் இந்த வாரமே தொடங்குங்கள். அதே வகை லினக்ஸான ஆல்மாலினக்ஸ் 9, ராக்கி லினக்ஸ் 9 இரண்டில் எதற்குப் போனாலும் 2032 வரை அப்டேட் உண்டு, கை பழகிய கட்டளைகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உங்கள் தளம் பிஎச்பி என்ற மொழியில் எழுதியது என்றால், உண்மையான வேலை அந்தப் பழைய கோடில்தான். சென்டோஸ் 7-உடன் வந்தது பிஎச்பி 5.4, இப்போது வருவது 8, நடுவில் 7-லேயே மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசும் பழைய ஃபங்ஷன்களை அடியோடு எடுத்துவிட்டார்கள், ஆக லாகின் பக்கமே திறக்காமல் போகலாம். ஓடுகிற சர்வரில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் புதிதாக ஒன்றை நிறுவி, டேட்டாபேஸ் நகலை ஏற்றி, ஒரு வாரம் சோதித்துவிட்டு அப்புறம் தளத்தின் பெயரை சர்வர் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள்.

கேள்வி: முப்பது பேர் ஆபீஸ். விண்டோஸ் 11 ப்ரோ பிசியில் ஃபோல்டரை ஷேர் செய்தால் போதாதா?

பதில்: போதாது. ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் அது ஏற்காது. அதற்கென்றே உள்ள விண்டோஸ் சர்வர் ஓஎஸ்ஸுக்கு லைசென்ஸ் ப்ராசஸர் கோர் கணக்கில், குறைந்தது 16 கோருக்கு வாங்க வேண்டும், அது போக, பயன்படுத்துபவர்களுக்கும் தனி லைசென்ஸ். ஆக்டிவ் டைரக்டரி வைத்து எல்லா பிசியையும் ஓரிடத்திலிருந்து ஆளப் போகிறீர்கள், அல்லது விண்டோஸில் மட்டும் ஓடும் அக்கவுண்ட்ஸ் மென்பொருளைப் பலர் சேர்ந்து பயன்படுத்துகிறார்கள் என்றால் அந்தப் பணம் தகும். வெறும் ஃபைல் பகிர்வதற்கு டெபியன் லினக்ஸும், விண்டோஸ் பிசிகளோடு ஃபைல் பகிரும் சாம்பா மென்பொருளும் தாராளம், இதை நான் தயங்காமல் சொல்வேன்.

கேள்வி: டிசைன் வேலைக்கு லினக்ஸுக்கு மாறலாமா?

பதில்: ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர்தான் சோறு போடுகிறது என்றால் வேண்டாம், அடோபி அவற்றை லினக்ஸுக்குத் தருவதில்லை. கோடு எழுதுபவர் என்றால் உபுண்டு லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பைப் போடுங்கள், ஐந்து வருடம் அப்டேட் வரும்.

கேள்வி: யூனிக்ஸ் வழி வந்த ஓஎஸ்ஸான ஃப்ரீபிஎஸ்டியை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா?

பதில்: நெட்ஃபிளிக்ஸ் தன் வீடியோக்களை அனுப்பும் சர்வர்களில் ஓடுவது அதுதான். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் கூடவே வருவதால் ஸ்டோரேஜ் சர்வருக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் உங்கள் வேலை முழுக்க டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பொட்டலமாக ஓட்டும் கருவி) என்றால் லினக்ஸிலேயே இருங்கள், லினக்ஸ் கன்டெய்னர்களுக்கு ஓஎஸ்ஸின் மையப்பகுதியான கெர்னல் லினக்ஸாக இருக்க வேண்டும்.